அரளி வேரும் ஆஸ்பத்திரித் துளிகளும்

அன்பு மகனுக்கு,

நான் சாப்பிடுகிறேன், நடமாடுகிறேன், பூக்கட்ட விரல் இன்னும் மடங்குகிறது. நீ கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டால் மற்றதைப் பேச இடம் கிடைக்கும் என்றுதான் முதலில் சொன்னேன். போன வாரம் நீ பிலிமத்தலாவையிலிருந்து வந்தாய். வந்தவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா, கல்யாணத்தன்னைக்கு நீ சமையல் நடக்கிற பக்கம் வராம இருந்தா நல்லது" என்றாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. நீயேதான் "பொண்ணோட மாமா சொல்றாரு" என்றாய். சரி என்றேன். நீ ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாய்.

வரமாட்டேன், ராசா. எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே உட்கார்ந்து, உன் தலையில் அரிசி போட்டுவிட்டு எழுந்து வருவேன். அது பேசி முடிந்த விஷயம். அதை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. பெண்ணின் மாமனுக்குத் தெரிந்த கதை உனக்கும் தெரியும். ஹேவாஹெட்டவிலிருந்து கண்டி வரைக்கும் தோட்டத்து லய வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள், வண்டியோட்டுகிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். புருஷனுக்கு அரளி வேர் அரைத்துக் கொடுத்தவள் நான். உன்னைத் தெருவில் 'அரளிக்காரி மகன்' என்று கூப்பிட்டது என் காதிலும் விழுந்திருக்கிறது. அடுப்பு வேலை நடக்கும்போது கேளாத மாதிரி இருந்துவிட்டேன். எல்லார் வாயிலிருந்தும் கேட்ட கதையை நீ என் வாயிலிருந்து மட்டும் கேட்டதில்லை. இப்போது நீ மருந்துக்கடையில் போத்தலைக் கையில் எடுக்கிற வேலைக்குப் போயிருக்கிறாய். உனக்கு ஒருத்தி வரப்போகிறாள். அதனால் எழுதுகிறேன். இதை நீ ஒளித்துவைக்க வேண்டாம். உன் பெண்சாதிக்கும், அவள் மாமனுக்கும், கேட்க விரும்புகிற யாருக்கும் சத்தமாகவே படித்துக் காட்டு.

நான் பண்டாரத்தின் மகள். என் அப்பா கோயிலுக்குப் பூக்கட்டுகிறவர், தேவாரம் படிக்கிறவர். எனக்கு எழுத்து வந்தது அப்படித்தான். கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, மாத்தளைக்குக் காட்டுவழியாக நடந்து வந்த கூட்டத்தில் நாங்களும் வந்தோம். அந்த வழியில் என் அம்மாவை வாந்திபேதி கொண்டுபோய்விட்டது. குழி வெட்டக்கூட நிற்கவிடவில்லை. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்தில், லயத்துக்கு மேலே மாரியம்மனுக்கு ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். அதற்கு அப்பாவை வைத்துக்கொண்டார்கள். அப்பா முதலில் நட்டது அரளி. மல்லிகையும் முல்லையும் அந்தக் குளிருக்கு அழுதுகொண்டே வளரும். அரளி அப்படியில்லை. கல்லோ களியோ, மழையோ வெயிலோ, குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும். ஆடு கடிக்காது, மாடு கடிக்காது. வருஷம் முழுவதும் பூக்கும். பங்களாவில் துரைசாணியும் படிக்கட்டின் இரண்டு பக்கமும் சிவப்பும் வெள்ளையுமாக வைத்து அழகு பார்த்தாள். அங்கே அது அலங்காரம், எங்களுக்குச் சாமிக்குப் பூ.

ஆடு மாடு ஏன் கடிக்காது என்பதை அப்பா எனக்கு விரலில் பாலைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்துக் காட்டினார். அந்தக் கசப்பு அன்று முழுவதும் போகவில்லை. பூவில், இலையில், பட்டையில், வேரில், எங்கே கிள்ளினாலும் அந்தக் கசப்பு இருக்கும். கொதிக்கவைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. அரளிக் குச்சியை அடுப்பில் வைக்கவே கூடாது, அந்தப் புகையும் ஆகாது. ஆனால் அதே வேர்ப்பட்டையை எண்ணெயில் காய்ச்சித் தோலில் தடவினால் சொறி, சிரங்கு, படை எல்லாம் அடங்கும். கோப்பிக் காட்டில் அட்டை கடித்த இடம் சொறிந்து சொறிந்து புண்ணாகி, சீழ் வைத்து நடக்க முடியாமல் கிடந்தவர்கள் அப்பாவின் எண்ணெயால் எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். தோலுக்கு மேலே மருந்து, தொண்டைக்குக் கீழே நஞ்சு என்பார். சொல்லிவிட்டு, ஒரே ஒரு நோய்க்கு மட்டும் அந்தச் சொல்லை மீறுவார். கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து, படுத்தால் மூச்சு முட்டுகிற நீர்வீக்கத்துக்கு அவர் அந்த வேரை உள்ளுக்குக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பிழைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எவ்வளவு, எப்படி, எதோடு என்பதை இங்கே எழுதமாட்டேன். உனக்கும் சொல்லப்போவதில்லை. அது என்னோடு போகட்டும்.

உன் அப்பா வீரமுத்து அந்தத் தோட்டத்தில் சில்லறைக் கங்காணி. பெரிய கங்காணிக்குக் கீழே ஒரு சின்ன ஆள்கட்டை மேய்க்கிறவர். நல்ல உயரம். கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் நின்றால் துரையே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். வேலையில் கையோங்கமாட்டார், வாயால் சிரிக்கவைத்தே வேலை வாங்குவார். ஒரே ஒரு கெட்ட பழக்கம், சாராயம். நீ பிறந்த அன்றைக்கு நான் வலியில் கிடக்கிறேன், அவர் சாராயக் கடை வாசலில் கிடந்தார். மறுநாள் தெளிந்து வந்து உன்னைப் பார்த்து அழுதார். உன்னைத் தூக்கிக்கொண்டுபோய் மாரியம்மன் காலடியில் போட்டு, "இனி அந்த வாடையே என் வாயில வராது, தாயே" என்று சத்தியம் செய்தார். செய்ததைக் காப்பாற்றவும் செய்தார். அதை நீ மறக்கக்கூடாது. பின்னால் வருவதெல்லாம் அந்தச் சத்தியத்திலிருந்துதான் வந்தது.

நீ தவழ ஆரம்பித்தபோது அவருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. முதலில் மேடு ஏறி இறங்குகிற அலுப்பு என்றார். பிறகு செருப்பு நுழையவில்லை. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். நான் விரலால் அழுத்திப் பார்த்தேன், குழி விழுந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். "போனா டாக்டர் துரைக்குச் சொல்லுவாரு. நோயாளிக் கங்காணிய வச்சுக்கிட்டு எந்தத் துரை ஆள் ஓட்டுவான்? என் ஆள்கட்டப் பிரிச்சு அடுத்தவன்கிட்ட குடுத்துட்டு, என்னைய ஊருக்குக் கப்பலேத்திருவான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, அப்படிப் போனவர்கள் உண்டு. அப்போது என் அப்பா உயிரோடு இல்லை. "உங்கப்பா குடுப்பாருல்ல ஒரு மருந்து, அதக் குடு" என்றார். நான் மாட்டேன் என்றேன். அந்த வருஷம் யாரோ ஒருத்திக்குப் பச்சிலை கொடுத்து அவள் செத்துப்போனதால், நாட்டு மருந்து கொடுக்கிறவன் பெயரை வெட்டித் தோட்டத்தை விட்டே விரட்டுவேன் என்று துரை தப்படித்துச் சொல்லச் செய்திருந்தார். அதுவும் எனக்குப் பயம். வேரின் மேல் இருந்த பயம் அதைவிடப் பெரியது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மனுஷன் மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொடுத்தேன்.

மருந்து கேட்டது, ராசா. அதையும் எழுதத்தான் வேண்டும். நீர் பிரிந்தது. முகத்தில் இருந்த ஊதல் இறங்கியது. கால் எலும்பு மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. படுத்துத் தூங்கினார். கோட்டை மாட்டிக்கொண்டு பிரட்டுக்குப் போனார். காட்டில் ஏதோ சிரிப்புக் காட்டியிருப்பார், ஆட்கள் சிரிக்கிற சத்தம் லயம் வரைக்கும் கேட்டது. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மாரியம்மனுக்கு அரளி மாலை கட்டிப் போட்டேன். கொடுக்கிற அளவை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஆனால் மேடு ஏறும்போது இன்னும் மூச்சு வாங்கியது. அவருக்கு அவசரம். கோப்பி பூத்து முடிந்து பழமெடுக்கிற காலம் வந்தால் ஓய்வே கிடையாது, அதற்குள் பழைய ஆளாகிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். நாலைந்து தோட்டத்துக்குப் பொதுவாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதில் மருந்து கலக்குகிறவர் தில்லையம்பலம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் வராத நாளாகப் பார்த்து அவர் காலைப் பிடித்து, துரைக்கும் டாக்டருக்கும் தெரியாமல் துளி எண்ணிக் குடிக்கிற மருந்து ஒரு சின்னப் போத்தல் வாங்கி வந்திருக்கிறார். வேர் குடிப்பதைத் தில்லையம்பலத்திடம் சொல்லவில்லை. சொன்னால் துரையின் காதுக்குப் போய் எனக்கு வேலை போகும் என்ற பயம். துளியை என்னிடம் சொல்லவில்லை. ஏனென்றால் அந்தத் துளி சாராயத்தில் ஊறியது. நீ இப்போது அந்த வேலையில் இருப்பதால் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த இலையின் சத்தும் தண்ணீரில் இறங்குவதைவிடச் சாராயத்தில்தான் நன்றாக இறங்கும். போத்தலைத் திறந்தால் முதலில் வருவது சாராய வாடை. மாரியம்மன் காலடியில் உன்னைப் போட்டுச் சத்தியம் செய்தவர் அதை எப்படி வீட்டில் வைப்பார்? கூரைப் புல்லுக்குள் சொருகி வைத்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் உன்னைக் கொஞ்சக் குனிந்தபோது அவர் வாயிலிருந்து அந்த வாடை வந்தது. "குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை. தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். குடித்தேன் என்று இவள் நினைத்தாலும் பரவாயில்லை, வேறு மருந்தும் சேர்த்துக் குடிக்கிறேன் என்று தெரிந்தால் பயந்துபோய் வேரை நிறுத்திவிடுவாள் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ. எனக்கு அது தெரியாது. நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். வேரை மட்டும் நிறுத்தவில்லை. அரைத்து, கலக்கி, ஒரு வார்த்தை இல்லாமல் முன்னால் வைப்பேன். அவரும் ஒரு வார்த்தை இல்லாமல் குடிப்பார். ஒற்றை அறையான அந்தக் காம்பராவில், ஒரே அடுப்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு அப்படி இருந்தோம்.

அப்போது கோப்பி பூத்திருந்தது. இப்போது உள்ளவர்களுக்கு அது தெரியாது. மலை முழுவதும் பனி கொட்டின மாதிரி வெள்ளையாக இருக்கும், வாசனை லயத்துக்குள் வந்து நிற்கும். நான் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்தில் உன்னை விட்டுவிட்டு மற்றப் பொம்பளைகளோடு புல் வெட்டிக்கொண்டிருந்தேன். உன் அப்பா மேலே கோப்பி நிரையில் நின்றவர் இறங்கி என்னிடம் வந்தார். பேச்சை விட்ட பிறகு அவராக வந்தது அதுதான் முதல் தடவை. "புள்ள, கோப்பிப் பூவெல்லாம் எனக்கு மஞ்சளாத் தெரியுது" என்றார். "மஞ்சத்தூளக் கரைச்சு ஊத்தின மாதிரி. உன் சேலையும் மஞ்சளா இருக்கு." மஞ்சள் காமாலை என்று நினைத்தேன். கண்ணை இழுத்துப் பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருந்தது. சோறு இறங்கவில்லை என்றார், காலையில் குடித்த கஞ்சியை வாந்தியெடுத்தேன் என்றார். நான் கோபத்தில் இருந்தேன். குடித்தால் வாந்திதான் வரும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. "போய் நிழலில் உட்காருங்க" என்றேன்.

அவர் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் கூப்பிட்டார்கள். நான் ஓடினபோது ஒரு கோப்பிச் செடியில் சாய்ந்திருந்தார், மேலெல்லாம் பூ உதிர்ந்து கிடந்தது. கையைப் பிடித்தேன். நாடி ஒரு அடி அடித்துவிட்டு நின்றது. நான் போய்விட்டது என்று நினைக்கும்போது இன்னொரு அடி. பிறகு இரண்டு சேர்ந்து வந்தது. பிறகு வரவில்லை, பிறகு வந்தது. அவர் என்னைப் பார்த்து, "நான் குடிக்கல புள்ள" என்றார். நான் "சரி, சரி, பேசாதீங்க" என்றேன். குடிகாரர்கள் சொல்வதுதானே என்று என் மனசு அந்த நேரத்திலும் சொல்லிற்று. அவர் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அந்த நாடி அடுத்ததாக வரும் வரும் என்று கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள்தான் என் கையைப் பிரித்தெடுத்தார்கள்.

உன் அத்தை, அவர் தங்கச்சி காளியம்மா, அடுத்த லயத்தில் இருந்தாள். பிணத்தைக் கொண்டுவந்து போட்டதும் தண்ணீர் எடுக்க என் காம்பராவுக்குள் போனவள், அம்மியில் ஒட்டியிருந்த வேரைப் பார்த்துவிட்டாள். பண்டாரத்து வீட்டு வாசலில் வளர்ந்த செடியை அடையாளம் தெரியாதவர்கள் அந்த லயத்தில் யார்? "எங்கண்ணனுக்கு அரளி அரைச்சுக் குடுத்துட்டாளே! பேச்சு வார்த்தை இல்லாம இருந்தாளே, இதுக்குத்தானா!" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். நாங்கள் பேசாமல் இருந்தது லயம் முழுவதற்கும் தெரியும். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன். துரை ஆளனுப்பினார், பொலிஸ் வந்தது. கூரையைக் கிளறினபோது அந்தச் சின்னப் போத்தல் விழுந்தது. அடியில் கறுப்பாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "இது என்னா?" என்று பொலிஸ்காரன் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். எல்லாரும் ஒரு சத்தம் போட்டார்கள். விஷப் போத்தலைக் கூரையில் ஒளித்துவைத்துவிட்டுத் தெரியாது என்கிறாள் என்று.

கண்டிக்குக் கொண்டுவந்து சிறையில் போட்டார்கள். பால்குடி மறக்காத பிள்ளை என்பதால் உன்னையும் என்னோடு விட்டார்கள். நீ அங்கேதான் எழுந்து நடந்தாய். இதை நீ யாரிடமும் கேட்டிருக்கமாட்டாய். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, வாசற்படியில் இருந்த காவல்காரியின் முட்டியைப் பிடித்தாய். அவள் சிங்களத்தில் ஏதோ சொல்லி உன்னைத் தூக்கினாள். நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதேன்.

கோட்டில், நீதவானுக்கு முன்னால், விசாரணை இங்கிலீசில் நடந்தது, ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். நீ கொடுத்தாயா என்றார்கள். கொடுத்தேன் என்றேன். கொல்லக் கொடுத்தாயா என்றார்கள். நீர்வீக்கத்துக்குக் கொடுத்தேன் என்றேன். யாரும் நம்பின மாதிரித் தெரியவில்லை. பிறகு வெள்ளைக்கார டாக்டர் எழுந்தார். செத்தவர் வயிற்றிலிருந்து எடுத்ததைக் காய்ச்சி வடித்து, ஒரு தவளையின் நெஞ்சைத் திறந்து அடித்துக்கொண்டிருக்கிற இருதயத்தின் மேல் விட்டுப் பார்த்தாராம். அது மெதுவாகி, தவறித் தவறி அடித்து, இறுகி நின்றுபோனதாம். பாஷாணம் இருந்தால் கண்டுபிடிக்க வேறு வழி உண்டு, இந்த மாதிரிச் செடி நஞ்சுக்கு இருதயம்தான் சாட்சி என்றார். நின்ற இருதயத்துக்குப் பெயர் அரளி என்று அந்தக் கோட்டில் எல்லாருக்கும் புரிந்தது. எனக்கும் புரிந்தது. அதுவரைக்கும் நான் இல்லை என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தவளைக் கதையைக் கேட்டதும் நான்தான் போல என்று நினைத்தேன்.

தில்லையம்பலத்தையும் கூப்பிட்டிருந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு இந்த ஆள் வந்தானா என்று கேட்பதற்காக மட்டும். மேசையில் அந்தப் போத்தல் இருந்தது. அதன் ஒட்டுக் காகிதத்தை உன் அப்பா கழுவி எடுத்திருந்தார். தில்லையம்பலம் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த ரத்தம் வடிந்துபோனதை நான் கூண்டிலிருந்து கண்டேன். இல்லை, வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வேலைக்கும் குடும்பத்துக்கும் ஒன்றும் வந்திருக்காது.

"ஓம், வந்தவர்" என்றார். "இந்தப் போத்தல் நான் குடுத்தது. கால் வீக்கத்துக்கு. டொக்டரைக் கேக்காமல் குடுத்தனான். அவர் காலிலை விழுந்து அழுதவர், எனக்கு மறுக்க ஏலாமல் போச்சு."

அதில் என்ன மருந்து என்று கேட்டார்கள், அவர் இங்கிலீசில் ஒரு பெயர் சொன்னார். டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நீதவான் அவரிடம் திரும்பி, இந்த மருந்தைத் தவளையின் இருதயத்தில் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அதேதான் ஆகும் என்றார் டாக்டர். அப்படியானால் ஆளைக் கொன்றது அரளியா, ஆஸ்பத்திரி மருந்தா? டாக்டர் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். பிறகு, தனித்தனியாகக் கொடுத்திருந்தால் இரண்டுமே அந்த வீக்கத்துக்கு மருந்துதான், இரண்டும் செய்கிற வேலை ஒன்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது, பூ மஞ்சளாகத் தெரிந்ததும் அதனால்தான், இன்னதுதான் கொன்றது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது என்றார். என்னை விட்டுவிட்டார்கள். குற்றமில்லை என்று யாரும் சொல்லவில்லை. சாட்சி போதாது என்றுதான் சொன்னார்கள்.

வெளியே வந்தபோது காளியம்மா என் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாள். தில்லையம்பலம் ஒரு மரத்தடியில் குடையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அவர் வேலை அதற்குள்ளேயே போய்விட்டது. நான் போய், "ஐயா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் வேரா, உங்க துளியா?" என்று கேட்டேன்.

"நானும் அதைத்தான் என்னட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கிறன், தங்கச்சி" என்றார். அரளியை அவர் ஊரில் அலரி என்பார்கள். "என்ரை போத்தலிலை இருந்தது வெள்ளைக்காரரின்ரை ஊர்ப் பூந்தோட்டத்துச் செடி ஒண்டின்ரை இலை. ஊதா நிறத்திலை குஞ்சம் குஞ்சமாய்ப் பூக்கும். இஞ்சை பங்களாவிலும் வைச்சிருக்கினம், வடிவுக்கு. உங்கடை அலரி மாதிரித்தான். நான் துளி எண்ணிக் குடுத்தனான், அவர் எண்ணிக் குடிச்சாரோ தெரியாது. நீங்கள் அளந்து குடுத்தனீங்கள், ஒரு அலரி வேரிலை இருக்கிற சத்து மற்ற வேரிலை இராது. மழைக்கும் வெயிலுக்கும் மாறும். உங்களாலையும் சொல்லேலாது, என்னாலையும் சொல்லேலாது." குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அவர் எங்கள் ரெண்டு பேரிலை ஆருக்காவது சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு உன் தலையைத் தொட்டுவிட்டு நடந்தார். வடக்கே போனார் என்று கேள்வி. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மகனே, உன் அப்பா யாரையும் ஏமாற்ற ஒளிக்கவில்லை. என் வேலை போகக்கூடாது என்று ஒன்றை ஒளித்தார், சத்தியம் கெட்டது என்று நான் வருந்தக்கூடாது என்று ஒன்றை ஒளித்தார். அன்பினால் ஒளித்ததும் ஆளைக் கொல்லும். உனக்கு வரப்போகிறவளோடு கோபம் வரும், வராமல் இருக்காது. கோபத்தில் நாலு வார்த்தை கூடப் பேசு, பரவாயில்லை, பேச்சை மட்டும் நிறுத்தாதே. அவள் உன் வாயில் ஏதோ வாடை என்று கேட்டால், என்ன வாடை என்று சொல்லிவிடு. உன் கடைக்கு வருகிறவனிடம், முதலில் வேறு என்ன குடிக்கிறாய் என்று கேள். இல்லை என்பான். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று உறுதி கொடுத்து மறுபடி கேள். பச்சிலை குடிக்கிறேன் என்று ஒருவன் சொன்னால் சிரிக்காதே, திட்டாதே. திட்டினால் அடுத்த தடவை சொல்லமாட்டான்.

நான் பிறகு கண்டியிலேயே தங்கிவிட்டதும், கோயில் வாசலில் பூக்கட்டி உன்னை வளர்த்ததும் உனக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். கோப்பி இலையில் மஞ்சள் பொடி விழுந்து தோட்டம் தோட்டமாகச் செத்துக்கொண்டிருந்தது, வண்டிக்காரர்களுக்கு ஏற்றுவதற்கு மூட்டை இல்லை. குண்டசாலைப் பக்கத்திலிருந்து ஒரு வண்டிக்காரனின் பெண்சாதி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். புருஷனுக்குக் கால் வீங்கி மூச்சு முட்டுகிறது என்றாள். ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று திருப்பியனுப்பிவிட்டார்கள் என்றாள். "நீங்க ஒரு வேர் குடுப்பீங்களாமே அக்கா, அது கேக்கும்ணு சொன்னாங்க" என்றாள். என்னைக் கொலைகாரி என்று சொன்ன அதே வாய்கள்தான் அதையும் சொல்லியிருக்கின்றன. நான் எனக்கு எந்த வேரும் தெரியாது என்றேன். அவள் என் காலைப் பிடித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். மறுபடி ஆஸ்பத்திரிக்கே போ என்று துரத்திவிட்டேன். என் கண்ணுக்கு எதிரே கோயில் வேலியில் அரளி நின்றது.

பிறகு ஒரு நாள் அவள் தனியாக வந்தாள். தலைமயிர் முடியாமல் அவிழ்ந்து கிடந்தது. ஒரு மாலை வேண்டும் என்றாள். அன்றைக்கு என்னிடம் வேறு பூ இல்லை, அரளிதான் இருந்தது. அதைக் கட்டத் தொடங்கினேன். அவள் பக்கத்தில் குந்தியிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நீங்க குடுத்திருந்தா பொழைச்சிருப்பாராக்கா?" என்று கேட்டாள், ஏதோ வழி கேட்கிற மாதிரி.

எனக்குத் தெரியல, தங்கச்சி என்றேன். பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. ஒருவருக்குக் கொடுத்தேன், செத்தார். ஒருவருக்குக் கொடுக்கவில்லை, செத்தார். அவள் மாலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உடனே எழுந்து போகாமல், வெயில் ஏறும் வரைக்கும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "வாறேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உன்னைப் பெற்றவள்.